நான் வைத்த புள்ளிகள்

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் என் வீட்டுக்காரரை நான் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஏமாற்றியிருக்கிறேன். அந்த ஒன்றையும் விடாமல் மூன்று வருஷம் செய்தேன். செய்யும்போது அது ஏமாற்றுவது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சட்டையில் பொத்தான் அறுந்திருந்தால் கேட்காமலே தைத்து வைக்கிறோம் இல்லையா, அந்த மாதிரிதான் நினைத்தேன்.

அவர் பெயர் அம்மாவாசை. அமாவாசையன்று பிறந்தார், மாமனார் மில்லில் ஷிப்டு முடித்து வந்து அதையே பெயராக வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். இவருக்குக் கரண்ட் ஆபீஸில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. நான் தையல்நாயகி. வீட்டிலேயே ஜாக்கெட்டுக்கு மணி வைத்துத் தைக்கிற ஆரி வேலை செய்கிறேன். பெயருக்கேற்ற தொழில் என்று புதுச்சேரியில் எங்கள் சாரம் பகுதியில் எல்லாரும் சொல்லியாயிற்று, நீங்களும் சொல்ல வேண்டாம்.

2014இல் இவர் ரீடிங் எடுக்கப் போன ஒரு வீட்டில், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய பெரியவர் ஒருவர் மகளோடு பிரான்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு நீளக் குழாய் நின்றது. "இது இன்னா மிஸ்ஸியே?" என்று இவர் பிரெஞ்சு மரியாதையில் கேட்டிருக்கிறார். "லுனெத். நட்சத்திரம் பாக்கறது. வேணும்னா எடுத்துனு போ" என்று பெரியவர் சொல்லிவிட்டார். அப்படித்தான் டெலஸ்கோப் எங்கள் வீட்டுக்கு வந்தது. முதல் மாதம் தெருவே வரிசையில் நின்று நிலாவைப் பார்த்தது. அப்புறம் கூட்டம் கலைந்தது. இவருக்கும் ராத்திரி ஒத்துவரவில்லை. கண் விழித்தால் மறுநாள் மீட்டரில் எட்டு மூன்றாகத் தெரியும் என்றார். அதனால் பகலில் இருக்கிற ஒரே நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டார்.

சூரியனை நேராகப் பார்த்தால் கண் போய்விடும். குழாயின் பின்பக்கம் ஒரு அட்டையை வைத்து, அதில் வெள்ளைத் தாளைச் செருகினால், சூரியன் தட்டு மாதிரி வந்து தாளில் விழும். அதன்மேல் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் தெரியும். சில நாள் ஐந்து, சில நாள் ஐம்பது. விழுகிற இடத்திலேயே பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் ஏழே முக்காலுக்கு இவர் குறிப்பார், எட்டரைக்கு வேலைக்குக் கிளம்புவார். சாயந்திரம் வந்துதான் எண்ணுவார். குறிக்கும்போதே எண்ணினால் கை ஆசைக்கு வளைந்துவிடும் என்பது அவர் கட்சி. எண்ணியதை நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் வெளிநாட்டில் இந்தக் கணக்கைச் சேர்க்கிற ஒரு மையத்துக்கு மெயிலில் அனுப்புவார்.

பொங்கலுக்கும் உண்டு, தீபாவளிக்கும் உண்டு. எங்கள் மகள் துர்காவின் கல்யாணத்தன்று முகூர்த்தம் ஏழரைக்கு. தாலி ஏறின கையோடு பெண்ணின் அப்பாவைக் காணோம். சம்பந்தி வீட்டார் தேடுகிறார்கள். பட்டு வேட்டியோடு ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்து, புள்ளி குறித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

2019இல் இன்னும் வேடிக்கை. சூரியனில் புள்ளியே இல்லை. மாதக் கணக்கில் இல்லை. இவர் தினமும் மாடிக்குப் போய் வெறும் வட்டத்தைப் பார்த்துவிட்டு, நோட்டில் பூஜ்யம் போட்டுவிட்டு வருவார். "ஒண்ணும் இல்லன்னு பாக்கறதுக்கு தெனம் போவணுமா? போன மாசமே தெரிஞ்சிபோச்சே" என்று கேட்டேன்.

"பாக்காம எழுதனா அது பொய் தையலு" என்றார்.

ரீடிங்கிலும் அவர் அப்படித்தான். வீடு பூட்டியிருந்தால் உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டு வரலாம். இவர் போட மாட்டார். சாயந்திரம் வருகிற வழியில் இன்னொரு தடவை போய்க் கதவைத் தட்டுவார். இப்படிப்பட்ட மனுஷனைத்தான் நான் ஏமாற்றினேன்.

2022 ஜூனில் ஆரம்பித்தது. பத்து மணிவாக்கில் துணி காயப்போட மாடிக்குப் போவேன். அப்படியே டெலஸ்கோப்பைக் கீழே எடுத்து வருவது என் வேலை. அன்றைக்குத் தாள் அட்டையிலேயே இருந்தது. சும்மா ஒரு ஆசைக்கு டெலஸ்கோப்பின் திருகைத் திருப்பிச் சூரியனைக் கொண்டுவந்து, தாளையும் கொஞ்சம் திருப்பிப் பொருத்தினேன். பெரிய புள்ளிகள் எல்லாம் இவர் போட்ட பென்சில் குறிமேல் சரியாக உட்கார்ந்தன. பக்கத்திலேயே எட்டுக் குட்டிப் புள்ளிகள், பென்சில் படாமல் நின்றன. இவர் விட்டுவிட்டார்.

ஆரி வேலையில் ஒரு மணி குறைந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. பென்சிலை எடுத்து அந்த எட்டையும் வைத்துவிட்டேன். சூரியனில் இருப்பதைத்தானே வைக்கிறேன், இல்லாததையா வைத்தேன்?

சாயந்திரம் வந்து எண்ணினார். "முப்பத்தாறு! நல்லா வந்திருக்கு தையலு. மத்த நாட்டுக்காரங்களுக்கும் இப்டிதான் வந்திருக்கும் பாரேன்" என்றார். சில மாதங்களாகத் தன் எண்ணிக்கை மற்றவர்களைவிடக் குறைவாக வருகிறதே என்று அவருக்கு ஒரு கவலை இருந்தது. அன்று அந்தக் கவலை போன முகத்தைப் பார்த்தேன். சொல்லலாம் என்று திறந்த வாயை மூடிக்கொண்டேன். மறுநாளும் மாடிக்குப் போனேன்.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் இவருக்கு ஒரு மெயில் வந்தது. அனுப்பியவள் கவிநிலா. பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் சூரியனைப் படிக்கிற விஞ்ஞானி. சொந்த ஊர் நம்ம புதுச்சேரி நெல்லித்தோப்பு. சூரியனின் புள்ளிகள் கூடிக் குறைந்து மறுபடி கூட ஏறக்குறைய பதினோரு வருஷம் ஆகுமாம். அந்த ஒரு சுற்று முழுவதையும் ஒரே ஆள், ஒரே டெலஸ்கோப்பில், விடாமல் எண்ணிய கணக்குகளை அவள் உலகம் முழுக்கத் தேடிச் சேர்க்கிறாள். மையத்தின் பட்டியலில் புதுச்சேரி என்று பார்த்ததும் ஆச்சரியமாகிவிட்டதாம். லீவுக்கு வரும்போது வந்து பார்க்கலாமா, கணக்கு சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

இவர் அந்த மெயிலை எத்தனை தடவை படித்தார் என்று அந்தச் செல்போனுக்குத்தான் தெரியும். "சம்பளம், பட்டம் ஒண்ணும் வேணாம் தையலு. இந்தாளு பாக்காம எழுத மாட்டான்னு ஒரு எடத்துல எழுதி வெச்சா போதும்" என்றார். முப்பது வருஷத்தில் அவர் வாய்விட்டு ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அவள் வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும், தோளில் லேப்டாப் பை. வரும்போது என்னை மேடம் என்றாள், காபி குடித்ததும் ஆன்ட்டி ஆகிவிட்டேன். டெலஸ்கோப்பில் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. அதைப் பார்த்துச் சிரித்தாள். "எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சிட்டு வந்தேன் ஆன்ட்டி" என்றாள்.

மாடியில் இவர் சூரியனைத் தாளில் கொண்டுவந்து காட்டினார். அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சூரியன் மெல்ல நகர்ந்து தாளை விட்டு வெளியே போனது.

"ஐயோ, போயிடுச்சி!" என்று பதறினாள்.

"பூமி சுத்துதில்ல மேடம், நிக்குமா?" என்று இவர் திருகைத் திருப்பினார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம்மா, நீ சூரியனத்தான படிச்ச?"

"எட்டு வருஷமா ஆன்ட்டி. ஆனா இப்டி கண்ணால பாக்கறது இதான் மொத தடவ. எங்களுக்கு சாட்டிலைட்லேருந்து நம்பரா வரும். நாங்க நம்பரத்தான் பாப்போம்." கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "எனக்கு இது மூணு வருஷ ப்ராஜெக்ட் சார். முடிஞ்சா வேற ஒண்ணுக்கு மாத்திடுவாங்க. பதினோரு வருஷம் ஒரே வேலைய செய்ய எங்க ஆபீஸ் என்னை விடாது. சனி ஞாயிறு லீவு வேற."

"எனக்கு லீவு குடுக்க ஆளு இல்ல மேடம்" என்றார் இவர். எனக்குப் பெருமையாக இருந்தது. சம்பளம் வாங்குகிறவள் சூரியனைப் பார்ப்பதில்லை. பார்க்கிறவருக்குச் சம்பளம் இல்லை. நல்ல உலகம்.

2019இன் ஃபைலைக் காட்டினார். வெறும் வட்டங்களாகவே இருந்தன. அந்தப் பெண் அதைத்தான் ஆசையாகப் புரட்டினாள். "இதுதான் சார் எனக்குத் தங்கம். புள்ளி இல்லாதப்ப முக்காவாசி பேரு பாக்கறத விட்டுட்டாங்க. நீங்க ஒரு நாள் கூட விடல" என்றாள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் துணிக் கொடியைப் பார்த்தேன்.

கீழே வந்து லேப்டாப்பைத் திறந்ததும் அவள் குரல் மாறியது.

"சார், ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. 2022 ஜூன் வரைக்கும் உங்க கணக்கு ரொம்ப அழகா போவுது. அதுக்கப்பறம் திடீர்னு ஏறுது. குட்டிப் புள்ளிங்க மட்டும் அதிகமாவுது. அதுவும் எல்லா நாளும் இல்ல." திரையில் ஒரு படத்தைக் காட்டினாள். "ஞாயித்துக்கெழம மட்டும் உங்க சூரியன்ல புள்ளி கொறையுது சார். அரசு விடுமுறையிலயும் கொறையுது."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளிலும் இவர் வீட்டில் இருப்பார், மாடியிலேயே உட்கார்ந்திருப்பார். என்னால் தாளைத் தொட முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பெண் சோற்றைக் கிளறிவிட்டாள்.

இவருக்குப் புரியவில்லை. "அது எப்டி மேடம்? சூரியனுக்கு ஏது ஞாயித்துக்கெழம?"

"அதான் சார். ஆபீஸ் போற நாள்ல மட்டும் ஏறுதுன்னா... அங்க கம்ப்யூட்டர்ல சாட்டிலைட் படத்த பாத்துட்டு, விட்டுப்போன புள்ளிய சேக்கறீங்களோன்னு. நெறைய பேரு செய்யறதுதான். தப்பான எண்ணத்துல இல்ல, சரியா இருக்கணும்னு செய்யறது."

இவர் எழுந்து போய் நோட்டுகளை எடுத்து வந்து, பதினொன்றையும் அவள் முன்னால் அடுக்கினார். "நான் பாக்காம எழுதனது இல்லம்மா" என்றார். மேடம் போய் அம்மா ஆகிவிட்டது, அது மரியாதை கூடி வந்த அம்மா இல்லை. அந்தப் பெண்ணுக்கும் கஷ்டமாகிவிட்டது. 2022 வரைக்கும் உள்ள எட்டு வருஷத்தை எடுத்துக்கொள்கிறேன், மிச்சத்தை விட்டுவிடலாம், ஆனால் முழுச் சுற்று என்று காட்ட முடியாது என்று மெதுவாகச் சொன்னாள். திங்கட்கிழமை வரைக்கும் ஊரில் இருப்பேன் என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் போகும்வரை நான் கையில் காபி தம்ளரோடு நின்றுகொண்டே இருந்தேன். என் வாய்க்குத் தெரு முழுக்கப் பயப்படும், அந்த வாய் அன்று திறக்கவில்லை.

ராத்திரி இவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஏழே முக்கால் ஆயிற்று. இவர் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். எட்டு ஆயிற்று. "மாடிக்குப் போவலயா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு? எழுதனா திருடன்றாங்க" என்றார்.

பதினோரு வருஷத்தில் வெயிலடிக்கிற ஒரு நாளைக்கூட இவர் விட்டதில்லை. மகள் கல்யாணத்தன்று விடவில்லை. என்னால் இன்று விடுகிறார். அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"நான்தாங்க வெச்சேன்."

"இன்னா வெச்ச?"

"புள்ளிய. நீங்க வேலைக்குப் போனப்பறம் மாடிக்குப் போயி, நீங்க விட்டதெல்லாம் நான் வெச்சேன். மூணு வருஷமா. ஞாயித்துக்கெழம நீங்க வூட்ல இருப்பீங்க, அதான் கொறைஞ்சிருக்கு."

என்னையே பார்த்தார். கத்தியிருந்தால் நானும் கத்தி ஒரு வழியாக முடிந்திருக்கும். கத்தவில்லை. எழுந்து மாடிக்குப் போனார். டெலஸ்கோப்பைத் தூக்கிப் போட்டு உடைக்கப் போகிறார் என்று பின்னாலேயே ஓடினேன். தாளைச் செருகிக்கொண்டிருந்தார். குறித்து முடித்து, மூலையில் நேரத்தை எழுதினார்: எட்டு நாற்பது. தாளைக் கழற்றி மடக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். முப்பது வருஷத்தில் எங்கள் வீட்டில் பீரோ எனக்காகப் பூட்டப்பட்டது அன்றுதான்.

அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கவிநிலாவைக் கூப்பிட்டு முதலில் நன்றாகத் திட்டினேன். "எங்க வூட்டுக்காரரு நேர்மையப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கியபோது உண்மையையும் சொன்னேன்.

"ஆன்ட்டி, நீங்க வெச்ச புள்ளியெல்லாம் உண்மையிலயே இருந்துதா?"

"இல்லாதத வெக்க நான் இன்னா பைத்தியமா? எல்லாம் சரியா வெச்சேன்."

"அதான் ஆன்ட்டி பிரச்சனையே" என்றாள்.

சாயந்திரம் அவளே வந்துவிட்டாள். இவரும் வேலையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்திருந்தார், என் பக்கம் திரும்பாமல். அவள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "மீன்காரம்மா தராசு எப்பவும் அம்பது கிராம் கம்மியா காட்டுதுன்னு வெச்சிக்கங்க. எனக்கு அது தெரிஞ்சா போதும், அம்பத சேத்துக்குவேன். அந்தத் தராசு எனக்கு நல்ல தராசுதான். ஆனா அது சில நாள் கம்மியாவும் சில நாள் சரியாவும் காட்டுனா நான் இன்னா பண்றது? சார் பத்து புள்ளிய விட்டா, எப்பவும் பத்து விடணும். தப்பா இருந்தாலும் ஒரே மாதிரி தப்பா இருக்கணும். ரெண்டு பேரு கண்ணு ஒரே தாள்ல இருந்தா, அது யாரு கண்ணும் இல்ல."

நான் வாழ்க்கை முழுக்கப் பிழை பார்த்துத் திருத்துகிறவள். ஒரு மணி விட்டுப்போனால் ஜாக்கெட் திரும்பி வந்துவிடும். பிழையைத் தொடாமல் விடுவதும் ஒரு வேலை என்று அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"உங்க புள்ளி எது, சார் புள்ளி எதுன்னு உங்களால சொல்ல முடியுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

அது எனக்கு ஒரு பெரிய காரியமே இல்லை. துணியில் மணி தைக்கக் குறி வைக்கிற பழக்கத்தில், பென்சிலை அழுத்தி ஒரு சுற்று சுற்றித்தான் நான் வைப்பேன். இவர் சின்னதாக ஒரு கீற்று இழுப்பார். அந்தப் பெண் ஒரு தாளைக் கொடுத்தாள், நான் காட்டினேன். லென்ஸை வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

இவர் எழுந்து பீரோவைத் திறந்தார். மூன்று வருஷத்துத் தாள், தொள்ளாயிரத்துக்கு மேல். பன்னிரண்டு நாள் சாயந்திரம் உட்கார்ந்தோம். நான் என் புள்ளிகளைச் சிவப்புப் பேனாவால் வளைப்பேன், இவர் மிச்சத்தை எண்ணி எழுதுவார். முதல் மூன்று நாள் எண்ணைத் தவிர வேறு பேச்சே கிடையாது. நான்காம் நாள் ஒரு தாளில் சிவப்பு கொஞ்சம் அதிகமாக இருந்தது. "இதையெல்லாம் நான் வுட்டுட்டனா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். "அநியாயமா இருக்கே" என்றார். அன்றைக்கு எனக்கும் சேர்த்து டீ போட்டுக் கொண்டுவந்தார்.

பெங்களூருக்குத் திரும்பியிருந்த கவிநிலா, நாங்கள் அனுப்பிய எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒரு வாரம் கழித்து வீடியோவில் கூப்பிட்டாள். நான் தொடாத ஞாயிற்றுக்கிழமைத் தாள்களோடு ஒப்பிட்டாளாம், பிரித்த கணக்கு அப்படியே பொருந்துகிறதாம். பதினோரு வருஷமும் செல்லும் என்றாள். இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"சார், கடைசி மூணு வருஷமா உங்க கோடு கீழ எறங்கிட்டே போவுது. சின்னப் புள்ளிங்க ஒவ்வொரு வருஷமும் கொறையுது. டெலஸ்கோப் மாறல. கண்ணு டாக்டரப் பாத்தீங்களா?"

மறுவாரமே கூட்டிப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றிவிட்டது, சுகர் வேறு. மூணு வருஷமா வளந்திருக்கும், மங்கலா தெரியறது எப்டி தெரியாமப் போச்சு என்று டாக்டர் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். கணக்கு குறையக் குறைய இவருக்கே சந்தேகம் வந்து, எப்போதோ டாக்டரிடம் போயிருப்பார். குறையாமல் பார்த்துக்கொண்டது நான். அவர் கண் மங்குவதை அவரிடமிருந்தே நான் மறைத்துவிட்டேன். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்த கதை. ஆட்டோவில் வரும்போது அவர் தோளில் சாய்ந்து அழுதேன். "சும்மா இரு, ஆட்டோக்காரரு பாக்கறாரு" என்றார். கையை மட்டும் எடுக்கவில்லை.

அதோடு முடிந்ததா? ஆபரேஷன் வேண்டாம் என்று அடுத்த பிடிவாதம். "ஒரே ஆளு, ஒரே கண்ணுன்னு கணக்கு போவுது. இப்ப புது லென்ஸ் வெச்சா அதிகமா தெரியும். அப்பறம் நான் வேற தராசு ஆயிடுவனே?" என்றார். அந்தப் பெண் சொல்லிக்கொடுத்ததை வைத்தே என்னை மடக்குகிறார். நான் அவளுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சார், எங்க சாட்டிலைட்லயே பழைய கேமராவுக்கு பதிலா புதுசு வந்தா என்ன பண்ணுவோம்? இந்தத் தேதிலேருந்து புது கேமரான்னு ஒரு கோடு போட்டு எழுதுவோம். மறைச்சாதான் தப்பு. உங்களுக்கும் ஒரு கோடு போடறேன். மொதல்ல போயி கண்ண சரி பண்ணுங்க."

அந்த ஒரு வார்த்தையில் ஆள் கரைந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விடுகிற நர்ஸிடம்கூட, "சாட்டிலைட்டுக்கே கோடு போடறாங்களாம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கவிநிலா எனக்கும் ஒரு வேலை வைத்தாள். என் பெயரில் தனித் தாள், தனி நோட்டு. நான் பார்த்ததை நான் எழுத வேண்டும். அவர் தாளை நான் பார்க்கக் கூடாது, என் தாளை அவர் பார்க்கக் கூடாது. எண்ணி நோட்டில் எழுதி முடிக்கும்வரை ஒருவருக்கொருவர் எண்ணைச் சொல்லவும் கூடாது. ஐப்பசி மழை விட்ட நாட்களில் எல்லாம் நான் தனியாகப் போய்க் குறித்தேன். முதலில் விளையாட்டாக இருந்தது. பத்து நாளில், மேகம் மூடினால் எனக்கே எரிச்சல் வர ஆரம்பித்தது. ஒரு நாள் ஆரி வேலை கேட்டு வந்த பெண்ணை, "மாடில வேலயா இருக்கேன், கொஞ்சம் ஒக்காரு" என்று காக்க வைத்தேன். இவர் உள்ளே இருந்து சிரித்தது எனக்குக் கேட்டது.

இரண்டு கண்ணும் முடிந்து, டாக்டர் சரி என்று சொல்ல தை மாதம் பாதி ஆகிவிட்டது. அன்று காலை இவர் முதலில் போய்க் குறித்துத் தன் தாளை எடுத்துக்கொண்டார். அப்புறம் நான் போய் என் தாளில் குறித்தேன். சாயந்திரம் அவர் முன்னறையில் எண்ண உட்கார்ந்தார், நான் சமையலறையில் உட்கார்ந்தேன். எனக்கு நாற்பத்து மூன்று வந்தது. நல்ல எண்ணிக்கை என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன்.

"அம்பத்தொண்ணு! தையலு, அம்பத்தொண்ணு!" என்று முன்னறையிலிருந்து சத்தம்.

"எழுதறதுக்கு முன்னாடி ஏன் கத்தறீங்க? சட்டம் மறந்துபோச்சா?" என்று நானும் கத்தினேன்.

மறுபடி எண்ணினேன். நாற்பத்து மூன்றுதான். இந்த வீட்டில் குட்டிப் புள்ளி பார்க்கிற கண் என் கண். மூன்று வருஷம் அவர் விட்டதை எல்லாம் பொறுக்கியவள் நான். இப்போது நான் விட்ட எட்டை அவர் பார்த்திருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பொறுக்கவில்லை. பென்சில் பக்கத்திலேயே இருந்தது. சூரியனில் புள்ளிகள் எப்படிக் கொத்தாக நிற்கும் என்று எனக்கு அத்துப்படி. எங்கே எட்டை வைத்தால் யாருக்கும் தெரியாது என்பதும் தெரியும். காட்டிக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமைக் கணக்கும் இதில் இல்லை.

நோட்டைத் திறந்து, தையல்நாயகி என்று எழுதியிருக்கிற பக்கத்தில், நாற்பத்து மூன்று என்று எழுதினேன். எழுத்தால் ஒரு தடவை, எண்ணால் ஒரு தடவை.

இவர் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "எழுதிட்டியா? உனக்கு எத்தினி?"

"நாப்பத்தி மூணு."

"உனக்கா? என்னைவிடக் கம்மியாவா?"

"ஆமா. என் கண்ணுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்" என்றேன்.

நோட்டை எட்டிப் பார்த்தார். புதுக் கண்ணால் என்னையும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். அப்புறம், அன்றையிலிருந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்த பீரோ சாவியை எடுத்து, முன்பு மாட்டுகிற பழைய ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார். அன்று தோசை ஊற்றி ஊற்றி எனக்குக் கை வலித்துவிட்டது.